நெட் லாகின் ஆகவில்லையா? 691, 651 என்று எண் வந்தால் எங்கே பார்ப்பது

மதுரை கோ.புதூரில் சின்னதாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வாரத்தில் நாலைந்து பேராவது ஒரே புகாரோடு வருகிறார்கள். "தம்பி, நேத்து ராத்திரி வரைக்கும் நெட் ஓடுச்சு. காலைல பாத்தா பாஸ்வேர்டு தப்புன்னு சொல்லுது. நான் எதையும் தொடவே இல்ல." அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். பாஸ்வேர்டு சரியாகவே இருக்கும். கோளாறு வேறெங்கோ இருக்கும்.

போன் லைனில் மோடம் கீச்சிட்டுக் கனெக்ட் ஆன காலத்திலிருந்து இதே வேலையைப் பார்க்கிறேன். விண்டோஸ் காட்டும் பிழை எண்கள் அந்தக் காலத்தில் வைத்தவைதான். 680 என்றால் டயல் டோன் இல்லை, 676 என்றால் எதிர்முனை பிசி. அவை இரண்டையும் இன்று பார்க்க முடியாது. ஆனால் 691 அதே எண்ணோடு, அதே அர்த்தத்தோடு இன்றைய ஃபைபர் லைனிலும் வருகிறது. யூசர் ஐடி, பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போகும் பிபிபிஓஇ முறையும் ஒருவகை டயல்தான். கீழே உள்ளது அந்த வகை இணைப்புக்கானது. கேபிள்காரர் கொடுத்த ஃபைபரோ, கம்பெனி ஃபைபரோ, மாடியிலிருந்து இறங்கி வரும் லேன் வயரோ, எதுவானாலும் பொருந்தும்.

முதலில் எண்ணைப் பாருங்கள்

கம்ப்யூட்டரிலிருந்து நேராக டயல் செய்தால் எண் திரையிலேயே வரும். ரவுட்டர் டயல் செய்தால் எண் வராது. பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடித்து ரவுட்டர் பக்கத்துக்குள் போய் 'வான் ஸ்டேட்டஸ்' (WAN, வெளியிலிருந்து வரும் லைனின் நிலை), 'சிஸ்டம் லாக்' இரண்டையும் பாருங்கள். முகவரி வேறாக இருந்தால் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். லாக்கில் 'ஆதென்டிகேஷன் ஃபெயில்டு' என்று இருந்தால் அதுதான் 691. 'பேடிஐ டைம்அவுட்', 'நோ ரெஸ்பான்ஸ்' என்று இருந்தால் அது 651.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. 691 வந்தால் நாம் கேட்டது அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது, அவர்கள்தான் மறுத்திருக்கிறார்கள். அப்படியானால் வயர் நன்றாக இருக்கிறது, லைன்மேனைக் கூப்பிட்டுக் காத்திருக்க வேண்டாம், நெட் கம்பெனி ஆபீஸுக்கு போன் போடுங்கள். 651 வந்தால் நாம் கேட்டது போய்ச் சேரவே இல்லை. யாருமே பார்க்காத பாஸ்வேர்டை எத்தனை தடவை மாற்றினாலும் பயன் கிடையாது. அது லைன் வேலை. ஆளை மாற்றிக் கூப்பிட்டுவிட்டு ஒருநாள் முழுக்க உட்கார்ந்திருந்த வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எதைச் செய்தாலும் ரீசெட் ஓட்டையைக் குத்தாதீர்கள்

ரவுட்டரின் பின்னால் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும். நெட் வராவிட்டால் குண்டூசி எடுத்து அதைக் குத்துவது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. தயவுசெய்து செய்யாதீர்கள். திருப்பாலையில் ஒரு வீட்டில் ரீசார்ஜ் முடிந்துபோனதால்தான் நெட் நின்றிருந்தது. மகன் ஓட்டையைக் குத்திவிட்டான். யூசர் ஐடி, பாஸ்வேர்டு, விலான் எண் (VLAN, லைனுக்கென்று கம்பெனி தரும் எண்), வைஃபை பெயர் எல்லாம் அழிந்தன. பணம் கட்டியதும் 5 நிமிடத்தில் வந்திருக்க வேண்டிய நெட், 3 நாள் கழித்து வந்தது. வேண்டுமானால் பவர் சுவிட்சை அணைத்துப் போடுங்கள். அதனால் எந்த செட்டிங்கும் அழியாது.

அறிகுறி 1: எரர் 691, யூசர் ஐடி அல்லது பாஸ்வேர்டு தவறு

*பேக் முடிந்துவிட்டதா?* செலவே இல்லாத சோதனை இதுதான், முதலில் இதைச் செய்யுங்கள். மொபைல் டேட்டாவில் கம்பெனி ஆப்பைத் திறந்து வேலிடிட்டி தேதியைப் பாருங்கள். பல பேக் நள்ளிரவோடு முடியும். 'நேற்று ராத்திரி வரைக்கும் ஓடியது' என்ற புகாருக்குப் பாதிக் காரணம் இதுதான். சில கம்பெனியில் பேக் முடிந்தாலும் உள்ளே விட்டு, ரீசார்ஜ் பக்கத்தை மட்டும் காட்டுவார்கள். சிலர் லாகினையே மறுத்துவிடுவார்கள், அப்போது 691 வரும். பணம் கட்டியும் மறுத்தால் ஜிபே அல்லது போன்பேயில் இருக்கும் பரிவர்த்தனை எண்ணை எடுத்து ஆபீஸுக்கு அனுப்புங்கள். கேபிள்காரர் கையில் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அவர் கணினியில் ஏற்றினாரா என்று கேளுங்கள். மறந்திருப்பார், வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்.

*கரண்ட் போய் வந்ததா?* எங்கள் பக்கம் பராமரிப்புக்காக மாதாமாதம் காலையிலிருந்து சாயங்காலம் வரை மின்தடை இருக்கும். அது போக கோடை மழை வந்தாலும் கரண்ட் விட்டுவிட்டு வரும். ரவுட்டர் சட்டென்று அணைந்தால் 'நான் வெளியேறுகிறேன்' என்று சர்வருக்குச் சொல்லாமலே போய்விடுகிறது. அங்கே நம் கணக்கு இன்னும் உள்ளே இருப்பதாகவே பதிவாகியிருக்கும். கரண்ட் வந்ததும் ரவுட்டர் மறுபடி லாகின் கேட்கும். ஒரு கணக்கில் ஒரே நேரத்தில் ஒருவர்தான் உள்ளே இருக்கலாம் என்பதால் சர்வர் மறுத்துவிடும். நமக்குக் காட்டுவது என்னவோ அதே 691.

இதற்கு வைத்தியம் பொறுமைதான். ரவுட்டரை முழுக்க அணைத்து 15 நிமிடம் விடுங்கள். அப்புறம் போடுங்கள். இடையில் நூறு தடவை 'கனெக்ட்' அழுத்தாதீர்கள். தொடர்ந்து தோற்றால் சில சர்வர்கள் கொஞ்ச நேரம் கணக்கையே பூட்டி வைத்துவிடும். அரை மணி நேரம் ஆகியும் வரவில்லை என்றால் ஆபீஸுக்கு போன் செய்து, "என் ஐடியில பழைய செஷன் மாட்டியிருக்கு, கிளியர் பண்ணி விடுங்க" என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். எதிரில் இருப்பவருக்கு உடனே புரியும், 2 நிமிட வேலை. மாதத்தில் இரண்டு மூன்று தடவை இப்படி ஆனால் 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று வாங்கி வையுங்கள். வாங்கும் முன் ரவுட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

*இரண்டு இடத்திலிருந்து டயல் ஆகிறதா?* இதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு நிறைய நேரம் போயிருக்கிறது. ரவுட்டர் வாங்கும் முன் கம்ப்யூட்டரில் 'பிராட்பேண்ட் கனெக்‌ஷன்' போட்டு வைத்திருப்பார்கள். ரவுட்டர் வந்த பிறகும் அது அழிக்கப்படாமல் இருக்கும். ரவுட்டர் ஏற்கெனவே உள்ளே போயிருக்கும்போது, கம்ப்யூட்டரும் அதே ஐடியில் கதவைத் தட்டும். ஃபைபர் பெட்டியே டயல் செய்யும்படி இருந்து, அதன் பின்னால் புதிதாக வாங்கிய ரவுட்டரிலும் அதே ஐடியைப் போட்டாலும் இதே கதைதான். ஒரு வீட்டில் ஒரு பெட்டிதான் டயல் செய்ய வேண்டும். கம்ப்யூட்டரில் செட்டிங்ஸ், நெட்வொர்க், டயல்-அப் என்று போய்ப் பழையதை நீக்குங்கள். ஃபைபர் பெட்டி டயல் செய்தால் பின்னால் உள்ள ரவுட்டரை 'டைனமிக் ஐபி' அல்லது 'ஆக்சஸ் பாயின்ட்' என்று மாற்றுங்கள்.

*எழுத்துப் பிழை.* போனிலிருந்து ரவுட்டர் பக்கத்தைத் திறந்து அடித்தால் கீபோர்டு முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கிவிடும். வார்த்தை முடிந்ததும் ஒரு இடைவெளியும் விட்டுவிடும். வாட்ஸ்அப்பில் வந்த பாஸ்வேர்டை அப்படியே காப்பி செய்தாலும் அந்த இடைவெளி கூடவே வரும், கண்ணுக்குத் தெரியாது. கண் படத்தை அழுத்திப் பாஸ்வேர்டை வெளியில் காட்டி, கர்சரைக் கடைசியில் வைத்துப் பாருங்கள். பூஜ்ஜியமும் ஆங்கில ஓ எழுத்தும், ஒன்றும் சின்ன எல் எழுத்தும் குழப்பும். கம்ப்யூட்டரில் தமிழ் கீபோர்டு போட்டிருப்பவர்கள் அதை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். ஐடிக்குப் பின்னால் அட் குறியும் ஒரு பெயரும் உண்டென்றால் அதையும் சேர்த்தே போட வேண்டும். பலர் அதை மெயில் முகவரி என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

*புது ரவுட்டர் மாட்டினீர்களா?* டவுன்ஹால் ரோட்டில் நல்ல ரவுட்டராகப் பார்த்து வாங்கி வந்து, எல்லாம் சரியாகப் போட்டும் 691 என்றால் மேக் பைண்டிங்காக இருக்கலாம். பழைய பெட்டியின் மேக் முகவரியோடு (MAC, ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ள அடையாள எண்) உங்கள் கணக்கைப் பிணைத்து வைத்திருப்பார்கள். ஆபீஸில் சொன்னால் புது முகவரிக்கு மாற்றித் தருவார்கள். அவசரம் என்றால் ரவுட்டரில் 'மேக் குளோன்' என்ற இடத்தில் பழைய ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணை அடிக்கலாம். அங்கே இரண்டு மூன்று எண் இருந்தால் வான் பக்கத்து எண்தான் வேண்டும்.

*கம்ப்யூட்டரில் மட்டும் 691, ரவுட்டரில் சரி.* அந்த இணைப்பின் புராபர்ட்டீஸில் 'செக்யூரிட்டி' பகுதிக்குப் போய் பாப் (PAP), சாப் (CHAP) என்ற பாஸ்வேர்டு சரிபார்க்கும் முறைகள் இரண்டும் டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். சர்வர் கேட்கும் முறையை நாம் அனுமதிக்காவிட்டாலும் விண்டோஸ் 691 என்றே சொல்லும்.

இத்தனையும் பார்த்தாகிவிட்டது என்றால் மேற்கொண்டு வீட்டில் செய்ய ஒன்றும் இல்லை. ஆபீஸில் பாஸ்வேர்டை மாற்றித் தரச் சொல்லுங்கள். 647 வந்தால் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது, 649 என்றால் கணக்குக்கு அனுமதி தரப்படவில்லை. இரண்டுக்கும் நேராக ஆபீஸ்தான்.

அறிகுறி 2: எரர் 651 (பழைய விண்டோஸில் 678, 815)

எதிர்முனையிலிருந்து பதிலே இல்லை. இங்கே ஃபைபர் பெட்டியின் விளக்குகள் வழி காட்டும்.

*எல்.ஓ.எஸ். (LOS) விளக்கு சிவப்பாக எரிந்தால்* வெளிச்சம் வீட்டுக்குள் வரவே இல்லை. பெட்டியில் செருகியிருக்கும் ஃபைபர் வயரைப் பாருங்கள். பீரோவை நகர்த்தும்போது மடங்கியிருக்கும், கதவிடுக்கில் நசுங்கியிருக்கும், வெள்ளையடித்தவர் ஆணியில் சுற்றி வைத்திருப்பார். ஃபைபரை வளையமாகச் சுற்றலாம், ஒடித்து மடக்கக் கூடாது. கனெக்டர் லூசாக இருந்தால் 'க்ளிக்' சத்தம் வரும்வரை உள்ளே தள்ளுங்கள். கழற்றிய முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள், அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பாதிக்கும். முனையைச் சட்டையில் துடைப்பதும் வேண்டாம்.

வீட்டுக்குள் இருக்கும் சின்ன பேட்ச் கார்டு உடைந்திருந்தால் மாற்ற அதிகம் செலவில்லை. வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டு போங்கள். பச்சை முனைக்குப் பச்சை, நீலத்துக்கு நீலம். இரண்டும் ஒன்றுக்கொன்று செருகிக்கொள்ளும், ஆனால் வெளிச்சம் பாதியில் செத்துவிடும். இதனால் ஒரு வாரம் அலைந்தவர்கள் உண்டு.

தெருவில் வயர் அறுந்திருந்தால் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது, லைன்மேன் ஃபைபரை ஒட்டும் ஸ்ப்ளைஸ் மிஷினோடு வர வேண்டும். எலியும் அணிலும் கடிப்பது எல்லா ஊரிலும் உண்டு. அழகர்கோவில் பக்கம் குரங்கும் சேர்ந்துகொள்ளும். மாசி வீதிகளைச் சுற்றி இருப்பவர்கள் சித்திரைத் தேரோட்டத்தை ஒட்டிக் குறுக்கே போகும் வயர்களை இறக்கிக் கட்டுவார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் ஆன்லைன் தேர்வோ இன்டர்வியூவோ இருந்தால் மொபைல் ஹாட்ஸ்பாட்டைத் தயாராக வைத்திருங்கள்.

*பான் (PON) விளக்கு விடாமல் மினுக்கினால்* வெளிச்சம் வருகிறது, ஆனால் பலவீனமாக இருக்கிறது, அல்லது அந்தப் பக்கம் உங்கள் பெட்டி பதிவாகவில்லை. பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டுவிட்டு 5 நிமிடம் பாருங்கள். தேறவில்லை என்றால் லைன்மேன்தான். வெளிச்சத்தின் பலத்தை அளக்கும் பவர் மீட்டரை அவர் வைத்துப் பார்க்கும்போது எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள். மைனஸ் 20 ஒட்டி இருந்தால் நல்லது. மைனஸ் 27-ஐத் தாண்டி 28, 29 என்று போனால் இன்று ஓடினாலும் நாளை நிற்கும். "வந்துருச்சுண்ணே" என்று சொல்லிவிட்டுக் கிளம்ப விடாதீர்கள்.

*பான் விளக்கு நிலையாக எரிந்தும் 651 என்றால்* கோளாறு பெட்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவில். லேன் வயர் முனையின் பிளாஸ்டிக் பின் ஒடிந்து, தொட்டால் கழன்றுவிடும் நிலையில் இருக்கும். அதே வயரை வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள், பிறகு வேறு வயர். ரவுட்டரில் 'வான்' என்று எழுதிய, பெரும்பாலும் வேறு நிறத்தில் இருக்கும் ஓட்டையில்தான் வயர் வர வேண்டும். பெருக்கும்போது கழற்றி மாற்றிச் செருகியிருப்பார்கள்.

வயரும் சரி என்றால் கடைசியில் விலான் எண். ஃபைபர் பெட்டியிலோ ரவுட்டரிலோ இந்த எண் இல்லாவிட்டால் விளக்கெல்லாம் பச்சையாக எரிந்தும் பதில் வராது. மேலே சொன்ன திருப்பாலை வீட்டில் இதுதான் நடந்தது. ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் எண் மாறும், ஊகித்துப் போட முடியாது. ஆபீஸில் கேட்டே ஆக வேண்டும்.

இடி விழுந்த மறுநாள் வரும் 651 தனி வகை. ஃபைபரில் மின்சாரம் பாயாது. ஆனால் மாடி மாடியாகத் தாண்டி வரும் லேன் வயரில் பாயும், போர்ட்டைச் சுட்டுவிடும். வயரைச் செருகியும் போர்ட் விளக்கு எரியவில்லை, வேறு வயரிலும் எரியவில்லை என்றால் போர்ட் போய்விட்டது. சில ரவுட்டரில் இன்னொரு போர்ட்டை வான் ஆக மாற்றும் வசதி இருக்கிறது. இல்லையென்றால் புது ரவுட்டர்தான். மொத்தத்தில் அதிகம் செலவு வைக்கும் காரணம் இதுதான், அதனால் மற்றதையெல்லாம் பார்க்காமல் இந்த முடிவுக்கு வராதீர்கள்.

அறிகுறி 3: உள்ளே போகிறது, கொஞ்ச நேரத்தில் அறுகிறது, அப்புறம் 691

இரண்டு கோளாறு சேர்ந்ததுபோல் தெரியும், காரணம் ஒன்றுதான். லைன் பலவீனமாக இருப்பதால் அறுகிறது. அறுந்ததும் பழைய செஷன் உள்ளேயே மாட்டிக்கொள்வதால் 691 வருகிறது. ஆபீஸில் செஷனைக் கிளியர் செய்தாலும் சாயங்காலம் மறுபடி வரும். அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள். மிகவும் சூடாக இருந்தாலோ, பின் ஆடினாலோ அதை மாற்றுங்கள், வோல்ட் குறைந்து பெட்டி தானாக அணைந்து எழுந்துகொண்டிருக்கும். அடுத்து லேன் வயர். அதற்கும் மேல் என்றால் லைன்மேன். 691 காட்டினாலும் லைன்மேன் தேவைப்படும் ஒரே இடம் இது. "அறுந்து அறுந்து வருது, பவர் பாருங்க" என்று சொல்லுங்கள். வெறும் 691 என்று சொன்னால் ஆபீஸ் பக்கம் தள்ளிவிடுவார்.

அறிகுறி 4: 619, 629, 718

பேச்சு தொடங்கிப் பாதியில் நின்றுவிடுகிறது. பக்கத்து வீட்டில் அதே கம்பெனி நெட் இருந்தால் விசாரியுங்கள். அவர்களுக்கும் இல்லை என்றால் சர்வர் திணறுகிறது. ஏரியா முழுக்கக் கரண்ட் வந்தவுடன் எல்லா ரவுட்டரும் ஒரே நேரத்தில் டயல் செய்யும்போது இப்படி ஆவதுண்டு. காத்திருங்கள். உங்களுக்கு மட்டும் என்றால் அறிகுறி 1-ல் உள்ள செஷன் விஷயத்தையும், கம்ப்யூட்டரில் டயல் செய்பவர்கள் ஆன்டிவைரஸையும் பாருங்கள்.

அறிகுறி 5: ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் 720, 769, 813

769 என்றால் நெட்வொர்க் கார்டு அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது, 'எனேபிள்' செய்யுங்கள். 813 என்றால் ஏற்கெனவே ஒரு பிராட்பேண்ட் இணைப்பு ஓடுகிறது, அதைத் துண்டித்துவிட்டு மறுபடி. 720 கொஞ்சம் பிடிவாதமானது. டிவைஸ் மேனேஜரில் 'வான் மினிபோர்ட்' என்று தொடங்குபவற்றை நீக்கிவிட்டு கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸ் தானாகப் புதிதாகப் போட்டுக்கொள்ளும். பழைய இணைப்பையும் அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள். நீக்கும் முன் பாஸ்வேர்டு உங்களிடம் எழுதி இருக்கிறதா என்று பாருங்கள், அழித்த பிறகு தேடினால் கிடைக்காது.

அறிகுறி 6: கனெக்டட் என்கிறது, ஆனால் சில தளங்கள் மட்டும் திறக்கவில்லை

லாகின் ஆகிவிட்டது, எனவே பாஸ்வேர்டை விடுங்கள். எதைத் திறந்தாலும் ரீசார்ஜ் பக்கம் வந்தால் பேக் முடிந்துவிட்டது. சில தளம் வந்து, சில தளம் பாதியில் நின்றால் ரவுட்டரில் எம்டியு (MTU, ஒரு தடவையில் அனுப்பும் தரவுப் பொட்டலத்தின் அளவு) மதிப்பைப் பாருங்கள். பிபிபிஓஇ-க்கு 1492 இருக்க வேண்டும், 1500 என்று இருந்தால் மாற்றுங்கள். கம்ப்யூட்டர் வேகமாக இருந்தும் பேங்க் தளம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்த கடைகளில் இதை மாற்றியே சரிசெய்திருக்கிறேன்.

போன் செய்யும்போது

யூசர் ஐடி, திரையில் வந்த எண், எல்.ஓ.எஸ்., பான் விளக்குகளின் நிலை, எத்தனை மணியிலிருந்து நெட் இல்லை. இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். 'நெட் வரல' என்று மட்டும் சொன்னால் "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பதைத் தாண்டி அவர்களாலும் எதுவும் சொல்ல முடியாது. புகார் எண் கேட்டு எழுதி வையுங்கள், மறுநாள் போன் செய்யும்போது அந்த எண் இல்லாவிட்டால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். நெட் லாகின் பாஸ்வேர்டு கேட்டால் சொல்லலாம், ஆனால் ஓடிபி கேட்டால் வைத்துவிடுங்கள். நெட் சரிசெய்ய ஓடிபி தேவைப்படாது.

லைன்மேன் வந்து சரிசெய்த பிறகு, அவர் வண்டியை எடுக்கும் முன் இரண்டு காரியம். ரவுட்டரையும் ஃபைபர் பெட்டியையும் அவர் முன்னாலேயே ஒருமுறை அணைத்துப் போட்டு, தானாக லாகின் ஆகிறதா என்று பாருங்கள். அப்புறம் யூசர் ஐடி, விலான் எண், மீட்டரில் வந்த பவர் மூன்றையும் அவரிடம் கேட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, ரவுட்டரின் அடியில் செலோடேப் போட்டு ஒட்டிவிடுங்கள். பாஸ்வேர்டை அதில் எழுதாமல் வீட்டு டைரியில் எழுதுங்கள்.